மாஸ்டரின் கழுத்தும் என் வாயும்

எங்கள் தையல் கடையில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வெட்டுவதும் தைப்பதும் என் வீட்டுக்காரர். பேசுவது நான். யாரும் உட்கார்ந்து முடிவு செய்த ஏற்பாடல்ல. அவர் வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். என் வாயில் எதுவும் இருக்காது. அவ்வளவுதான் விஷயம்.

தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். நானும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். "மாஸ்டர், பேண்ட் எப்ப கிடைக்கும்?" என்று யாராவது கேட்டால் அவர் என்னைப் பார்ப்பார். "நாளைக்கு" என்பேன் நான். கொஞ்ச காலத்தில் இந்தப் பழக்கம் கடையைத் தாண்டி மாடியிலிருக்கும் வீட்டுக்கும் ஏறிவிட்டது. அவருக்குத் தலைவலி என்றால் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று மருந்துக்கடையில் நான் சொல்வேன். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். "என் தம்பி ஒண்ணும் ஊமையாப் பொறக்கல. அவன் பங்கையும் சேத்து நீ பேசித் தீத்துட்ட" என்பார் என் நாத்தனார். நாத்தனாருக்கு வாய்த்த கணவர் பேசிக்கொண்டே இருப்பவர். அந்த வயிற்றெரிச்சல்.

வினை ஆரம்பித்தது மாஸ்டரின் சட்டைக் காலரில். மற்றவர்கள் எப்படியோ, அவர் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டுதான் கடையில் நிற்பார். காலர் கழுத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஆட்கள் துணி கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். அந்தப் பட்டன் இறுக ஆரம்பித்தது. பிரித்துத் தள்ளித் தைத்துக்கொண்டார். மறுபடி இறுகியது. காலரையே வெட்டியெறிந்து புதுக்காலர் வைத்தார். அதுவும் இறுகியது, அதற்கடுத்த இரண்டும் இறுகின. எனக்கு ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. துணி சுருங்குகிறது. ஜவுளிக்கடைக்காரர் நம் தலையில் மட்டமான சரக்கைக் கட்டிவிட்டார்.

சட்டையைச் சுருட்டிக்கொண்டு நேரே அவர் கடைக்குப் போனேன். துணி வாங்க வந்திருந்த கூட்டத்தின் நடுவில் நின்று அந்த மனிதரை ஒரு பிடி பிடித்தேன். அவர் ரொம்ப நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சட்டையை மேஜையில் விரித்து நீவிவிட்டார்.

"ஏம்மா, கை சுருங்கியிருக்கா?"

"இல்ல."

"நீளம் சுருங்கியிருக்கா?"

"இல்ல."

"நெஞ்சு, தோளு?"

இல்லையென்று தலையை ஆட்டினேன்.

"கழுத்துல மட்டும் சுருங்குற துணிய எவன் நெய்வான்? நெய்தா நானே தேடிப்போய் வாங்குவேன். மாஸ்டர் கழுத்தப் போய்ப் பாருங்க."

கூட்டம் சிரித்தது. அந்த ஆள் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைக்குத் திரும்பி மாஸ்டரை இழுத்துக்கொண்டுபோய் உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் கழுத்தளவு எடுத்த மனிதருக்கு அன்றைக்குத்தான் நான் டேப்பைச் சுற்றினேன். வெயிலில் நடந்து வந்ததில் எனக்குத் தாகம். செம்பைத் தூக்கி நான் குடித்துவிட்டு அவருக்கும் கொடுத்தேன். அவர் விழுங்கினார். இடது பக்கம், காலருக்குச் சற்று மேலே, ஒரு கட்டி தண்ணீரோடு சேர்ந்து மேலே போய்க் கீழே இறங்கியது.

"என்னங்க இது?"

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? தெரியுமா உங்களுக்கு?"

தண்ணீர் குடிக்கக் கையில் எடுத்துக்கொண்ட குண்டூசிகளை அவர் திரும்ப வாயில் வைக்காமல் ஒவ்வொன்றாகப் பஞ்சில் குத்தினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அர்த்தம்.

"இடது பக்கம் கொஞ்சம் அளவு கூடுதலா இருக்குன்னு தெரியும். காலர் வெட்டும்போது அந்தப் பக்கம் சேத்து வெட்டிக்கிட்டேன்."

இது டைலர் புத்தி. வேறெந்த மனிதனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். ஒருவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒருவருக்கு முதுகு கூனியிருக்கும். நல்ல டைலர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சத்தம் போடாமல் துணியில் சரிக்கட்டி, கண்ணாடியில் பார்க்கும்போது எல்லாம் நேராகத் தெரியும்படி செய்துவிடுவார். ஊருக்குச் செய்த அந்த மரியாதையை என் வீட்டுக்காரர் தன் கட்டிக்கும் செய்திருக்கிறார். கட்டிக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துக் கொடுத்த ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

"எவ்வளவு நாளா?"

"காலர் மூணு மாத்திட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டேப் இரண்டாகியிருக்கும். நல்லவேளை, அது உறுதியான டேப்.

தைராய்டுக்கென்று இருக்கிற டாக்டரம்மாவிடம் போனோம். கழுத்தின் முன்னால், குரல்வளைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம். பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் என்று படத்தைக் காட்டினார். மாஸ்டர் எட்டிப் பார்த்து, தன் கழுத்தில் இரண்டு விரலால், கோட்டுக்குப் போடும் 'போ டை' கட்டுவது போலக் காட்டினார். "அதேதான்!" என்றார் டாக்டர். என்னைக் கேட்காமல் இருவரும் பேசிக்கொண்டது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"முழுங்கக் கஷ்டமா இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

"வலி?"

"கிடையவே கிடையாது."

"வீட்டுல வேற யாருக்காவது தைராய்டு தொந்தரவு?"

"அவங்க அக்காவுக்குத் தொந்தரவு உண்டு. ஆனா அது தைராய்டு இல்ல."

டாக்டர் என்னையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "கட்டி உங்களுக்கா, அவருக்கா?" என்று கேட்டார். மாஸ்டர் தயங்கித் தயங்கித் தன் கையைத் தூக்கினார்.

ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டினேன். "உக்காருங்க" என்றார் டாக்டர். "சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுதான்னு மட்டும்தான் ரத்தம் சொல்லும். உள்ள யாரு குடி வந்திருக்காங்கன்னு சொல்லாது. பெரும்பாலான தைராய்டு கட்டி ஒண்ணும் செய்யாது. ஆனா பாத்துடணும்." ஸ்கேன் எடுத்தார்கள். கட்டியின் ஓரம் சீராக இல்லை, ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்ப்பார்களாம். மாஸ்டருக்கு ஊசி ஒரு பொருட்டா? தையல் மிஷின் ஊசி விரலில் ஏறியபோதே அவர் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காதவர். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார். மயங்கி விழுந்தது நான். கட்டிலிலிருந்து அவரை எழுப்பிவிட்டு என்னைப் படுக்க வைத்தார்கள்.

முடிவு வந்தது. டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர் நாற்காலி நகர்ந்தாலே நல்ல செய்தி இல்லை.

"இது கேன்சர்தான். பாப்பிலரின்னு ஒரு வகை. கவலைப்படாதீங்க, கேன்சர்லயே இது நல்ல கேன்சர்."

"நல்ல கேன்சரா?" என்றேன். "நல்லதுன்னா என்ன டாக்டர்? பெரியவங்களப் பாத்தா எந்திரிச்சு நிக்குமா? காலைல எந்திரிச்சு வாசல் கூட்டுமா? நல்லதா இருந்தா அது ஏன் என் வீட்டுக்காரர் கழுத்துல வந்து உக்காருது?"

மாஸ்டர் என் முழங்கையைத் தொட்டார். டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சிவந்தது. "நீங்க கோபப்படுறது நியாயம்" என்றார். "அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மெதுவா வளர்ற வகை. சிகிச்சைக்கு நல்லாக் கட்டுப்படும். பெரும்பாலானவங்க குணமாகி நல்லா இருக்காங்க. ஆனா கேன்சர் கேன்சர்தான். பயமா இருந்தா பயப்படலாம்."

"மாஸ்டருக்குப் பயமெல்லாம் கிடையாது" என்றேன். மாஸ்டர் தலையாட்டினார்.

அடுத்தது சர்ஜன். அவர் கறார் ஆசாமி. கழுத்தில் பக்கத்து நெறிக்கட்டி ஒன்றிரண்டுக்கும் பரவியிருப்பதால் சுரப்பியை முழுதாக எடுத்துவிட வேண்டும், பிறகு ஆயுசு முழுக்கக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அந்தச் சுரப்பியின் வேலையை அது பார்த்துக்கொள்ளும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "குரலுக்குப் போற நரம்பு இந்தச் சுரப்பிக்குப் பின்னாலயே ஒட்டிக்கிட்டுப் போகுது. ஜாக்கிரதையா ஒதுக்கிட்டுத்தான் எடுப்போம். இருந்தாலும் சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மிடும். ரொம்பக் கொஞ்சப் பேருக்கு அப்படியே நின்னுடும்."

"குரல்தானே டாக்டர்" என்றேன். "அவர் அத உபயோகிச்சதே இல்ல. வாங்கின மாதிரி அப்படியே புதுசா இருக்கு."

நான் சொன்னதற்கு நானே சிரித்தபடி வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று, இவர் குரல் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் கேட்டுப் பார்க்கத் தோன்றியது. கேட்கவில்லை. எவ்வளவு முயன்றும் அவர் சொன்னதாக ஒரு முழு வாக்கியம் காதில் விழவில்லை. எங்கே தேடினாலும் என் குரல்தான் கேட்டது. இவ்வளவு வருஷமாகக் கூடவே இருக்கும் குரலை நான் கேட்டுவைக்கவே இல்லை, இனி அது போய்விடலாம். எனக்குப் பயமாக இருந்தது. கட்டியை நினைத்து வந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருந்தது.

அன்றிலிருந்து போனில் அவர் குரலைப் பதிவு செய்ய அலைந்தேன். வெட்டுமேஜை எதிரில் போனை நீட்டினேன்.

"ஏதாவது பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது பேசுங்களேன். மனசுல இருக்கிறத."

"ம்."

"ஒரு மனுஷனுக்கு மனசுல ஒண்ணுமேவா இருக்காது? எங்க அப்பா பாத்து வச்ச மாப்பிள்ளை நீங்க..." என்று நான் ஆரம்பித்தேன். பிறகு போட்டுக் கேட்டால், பதிவு முழுக்க நான் கத்துகிறேன். கடைசியில் கத்தரிக்கோல் சத்தம். இப்படியே போன் நிரம்பிவிட்டது. என் குரலுக்கு ஆபத்தென்றால் கவலையே படவேண்டாம், தேவையான அளவு சேமித்து வைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் குரல்நாண் சரியாக அசைகிறதா என்று பார்த்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, "ஈ... சொல்லுங்க" என்றார் அங்கிருந்த டாக்டர்.

"ஈ..." என்றேன்.

"அம்மா, நீங்க இல்ல."

"அவருக்குக் கூச்சம் டாக்டர்."

"குழாய் அவர் மூக்குல இருக்கும்மா!"

என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். கதவில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளேயிருந்து "ஈ" என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் கனத்த, நல்ல குரல். இதைப் பதிவு செய்திருக்கலாம், போன் பைக்குள் கிடந்தது.

ஆபரேஷன் நடந்தது. நரம்பைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிட்டதாகவும், குரல் திரும்பும் என்று நம்புவதாகவும் சர்ஜன் சொன்னார். கழுத்து மடிப்போடு மடிப்பாக ஒரு கோடு போல வெட்டு. மறுநாள் கட்டு மாற்றும்போது மாஸ்டர் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, தையலை வெளியே தெரியாமல் உள்ளுக்குள் ஓட்டியிருப்பதைக் கவனித்தார். பிறகு சர்ஜனைப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். பட்டம் பெற்றபோதுகூட அந்தச் சர்ஜன் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் மாஸ்டருக்குக் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. அவரும் அதைச் செலவழிக்க விரும்பாமல் கையால் காட்ட ஆரம்பித்தார். எனக்கு இதில் என்ன கஷ்டம்? வழக்கமான உத்தியோகம்தானே. நர்ஸ் வரும்போதெல்லாம் நான் தயாராக இருந்தேன்.

"வலி எப்படியிருக்கு?"

"பரவாயில்ல சிஸ்டர்."

"விரல் நுனி, உதட்டச் சுத்தி மரமரன்னு இருக்கா? ஊசி குத்துற மாதிரி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா இருக்கார்."

மாஸ்டர் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக் காட்டினார். "தைக்காம கை நமநமங்குது அவருக்கு" என்று விளக்கினேன். அடுத்த தடவை இன்னும் வேகமாகத் தேய்த்தார். "பாவம், கத்தரிக்கோல் ஞாபகம்" என்றேன். மூன்றாம் தடவை அவர் என்னை முறைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் நர்ஸ் என் தோளைப் பிடித்து வராந்தாவில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

பிறகு உள்ளே ஒரே ஓட்டம். டாக்டர் வந்தார், ரத்தம் எடுத்தார்கள், சொட்டு மருந்து பாட்டிலை மாட்டினார்கள். சுரப்பிக்குப் பின்னால் நாலு சின்ன உறுப்புகள் இருக்கிறதாம், கால்சியத்தைக் கவனிப்பது அவை. ஆபரேஷனில் அவை சுணங்கிப்போனால் கால்சியம் இறங்கும். முதலில் விரலும் உதடும் மரமரக்கும். கவனிக்காமல் விட்டால் கைகால் இழுத்துக்கொள்ளும். "காலைலேருந்து இருக்குன்னு சொல்றார்" என்றார் நர்ஸ். "எங்கிட்ட அவரு பேசினார். காத்து மாதிரிதான் வந்துது. ஆனா பேசினார்." என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், மனசு லேசாகியிருக்கும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன். போகிற வருகிறவர்கள் எனக்குப் பல்வலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான், யார் என்ன கேட்டாலும் அவரே பதில் சொல்லட்டும் என்பது. சொல்வதற்குச் சுலபம். கடையில் யாராவது "மாஸ்டர், எப்படி இருக்கீங்க?" என்றால் என் தொண்டைவரை பதில் வந்து முட்டும். குண்டூசியை எடுத்து என் வாயில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அந்த மனிதர் இத்தனை காலம் எப்படி அமைதியாக இருந்தார் என்று அப்போது விளங்கியது.

மிச்சமிருக்கும் செல்களை ஒழிக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. எல்லோருக்கும் தேவைப்படாது, நெறிக்கட்டிக்குப் பரவியதால் இவருக்குத் தேவை. தைராய்டு செல்லுக்கு அயோடின் என்றால் உயிராம். "கொஞ்ச நாள் அதுக்கு அயோடினே குடுக்காம பட்டினி போடணும். அப்புறம் நாம குடுக்குற மாத்திரைய ஆசை ஆசையா முழுங்கும். அதுலயே அதோட கதை முடியும்." எனக்கு இந்த வைத்தியம் மிகவும் பிடித்திருந்தது. அந்தக் கட்டிமேல் எனக்கிருந்த ஆத்திரத்துக்கு இதுதான் சரி. அயோடின் கலந்த உப்பு கூடாது, மீன் கூடாது, பால் கூடாது, முட்டையில் மஞ்சள்கரு கூடாது. அவர் மட்டும் சப்பென்று சாப்பிட வேண்டாமென்று நானும் அதையே சாப்பிட்டேன். நாத்தனார் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எப்பவும் போலத்தான் சமைச்சிருக்க" என்றார்.

மாத்திரை கொடுத்து ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டிலும் கொஞ்ச நாள் தனி அறை, தனித் தட்டு, கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர். பக்கத்தில் யாரும் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. "இருட்டுல மின்னுவானா?" என்று நாத்தனார் கிசுகிசுத்தார். மின்னமாட்டார் என்று டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். நாத்தனார் நம்பாமல் வராந்தா விளக்கை அணைத்துவிட்டுக் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். "ஒண்ணையும் காணோமே" என்று ஏமாற்றத்தோடு திரும்பினார். உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது. "அக்கா, லைட்டப் போடு."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கு உலகமே திரும்பி வந்த மாதிரி இருந்தது. பழைய குரல் இல்லை. ஓரங்களில் பிசிறு அடித்தது. அதற்கென்ன, பிசிறோடு இருந்தால் போதும்.

மாதங்கள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டதா என்று பார்க்கிற நாள் வந்தது. ரத்தம் கொடுத்தோம், கழுத்தை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். டாக்டரம்மா இந்தத் தடவை நாற்காலியை நகர்த்தவில்லை. "எங்கயும் எதுவும் தெரியல. மாத்திரைய விடாம போடுங்க, வருஷா வருஷம் வந்து காட்டுங்க" என்றார். நான் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏதாவது கேக்கணுமா மாஸ்டர்?"

என்னிடம் ஏகப்பட்ட கேள்விகள் இருந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாஸ்டர் செருமினார்.

"கேக்க ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"நான் செத்துட மாட்டேன்னு."

நான் வாயைத் திறந்தேன். மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆபரேஷன் முடிஞ்சு வந்ததுலேருந்து, நான் தூங்கிட்டேன்னு நெனச்சு என் மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாக்குறா. மூச்சு வருதான்னு. நான் முழிச்சுத்தான் இருப்பேன். நல்லா இழுத்து இழுத்து மூச்சு விடுவேன், அவ விரலுக்குத் தெரியணுமேன்னு. அவ திரும்பிப் படுத்தப்புறம்தான் நான் தூங்குவேன். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லுங்க."

இவ்வளவும் சொல்லிக்கொண்டு வந்த உங்களிடம்கூட நான் இதைச் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த நோயால அவர் உங்கள விட்டுப் போறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. இனிமே நீங்க தூங்கலாம். புரியுதா?"

பதில் சொல்லத்தான் பார்த்தேன். காற்றுகூட வரவில்லை. டாக்டர் காத்திருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்குக் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவளுக்குப் புரிஞ்சிடுச்சு டாக்டர்" என்றார் மாஸ்டர்.